ஈரக்காற்றில் ஒரு ஹாட் ராட்: மாடல் கிட்டில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

ஹாட் ராட் கார்கள் பிறந்தது தெற்குக் கலிஃபோர்னியாவில், தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த ஏரிப் படுகைகளில். பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, என்ஜினை முறுக்கேற்றி, மியூராக் போன்ற படுகைகளில் அந்த ஊர் இளைஞர்கள் 1930-களில் ஓட்டிப் பார்த்தார்கள். நாம் அதே காரைப் பிளாஸ்டிக் கிட்டாக 1/25 அளவில், அதாவது நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்காக, ஒட்டுவது ஏரி மதகு தாண்டி வழிகிற கன்னியாகுமரி மாவட்டத்து ஊரில். இடவப்பாதிக்கு, அதாவது ஜூனை ஒட்டி, ஒரு மழை, ஐப்பசிக்கு ஒரு மழை, இடையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தூசியோடு வீசும் காற்று. பெட்டிக்குள் இருக்கும் படக்குறிப்பில் இதற்கெல்லாம் பதில் இருக்காது.

கீழே இருப்பது என் மேசையில் நடந்ததும் தெரிந்தவர்கள் கொண்டுவந்து காட்டியதும். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குறை தெரிகிற இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. பெயிண்டில் தெரிவது பெரும்பாலும் கழுவும்போது பிறந்தது. சக்கரத்தில் தெரிவது சேஸியில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், பிறந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு படி பின்னால் போய்த் தேடுங்கள்.

பெயிண்ட் அடித்த ஐந்து நிமிடத்தில் வெள்ளையாகப் படர்கிறது

நம் மாவட்டத்தில் முதல் இடம் இதற்குத்தான். கறுப்பு அடித்திருப்பீர்கள், பளபளவென்று இருக்கும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் காரின் கூரைமேல் யாரோ பால் துடைத்த மாதிரி ஒரு மங்கல். வேகமாகக் காயும் லாக்கர் வகைப் பெயிண்டில்தான் இது அதிகம்.

நடப்பது இதுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. பக்கத்திலிருக்கும் ஈரக்காற்று அந்தக் குளிரில் பனித்துளியாகப் படிந்து பெயிண்ட் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பனிக்கட்டி போட்ட டம்ளருக்கு வெளியே வேர்ப்பது போலத்தான்.

முதல் தடவை எனக்கு இது நடந்தது ஜூன் மாதத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு, மொட்டைமாடி ஷெட்டில். வெளியே சாரல். பக்கத்தில் நின்ற அக்கா மகன், "மாமா, ஃபேன் போட்டா சீக்கிரம் காயுமே?" என்றான். போட்டேன். மங்கல் இரண்டு மடங்கானது. ஃபேன் ஆவியாவதைத்தான் விரட்டியது. பரப்பு இன்னும் குளிர்ந்து இன்னும் ஈரத்தை இழுத்தது. மறுநாள் வடசேரிப் பக்கம் எனக்குப் பழக்கமான டிங்கர் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மக்ளே, மழைல அடிச்சியோ? இதுல ரிட்டார்டர் ரெண்டு சொட்டு விட்டிருக்கணும்" என்றார். ரிட்டார்டர் என்பது பெயிண்ட் காய்வதை மெதுவாக்கும் திரவம். நிஜக் காருக்கும் இதே நோய், இதே மருந்து.

லேசான மங்கல் என்றால் பெயிண்ட் கலக்காத ரிட்டார்டரை, அல்லது மெதுவாகக் காயும் தின்னரை, ஏர்பிரஷ்ஷில் ஊற்றித் தூரத்திலிருந்து பனிபோல ஒரே ஒரு தடவை தூவுங்கள். படலம் கொஞ்சம் இளகி உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடும். கை நடுங்கி அதிகமாகிவிட்டால் பெயிண்ட் வழியும், அதனால் முதலில் காரின் அடிப்பக்கத்தில் பழகுங்கள். மங்கல் அடர்த்தியாக இருந்தால் ரெண்டு நாள் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, நல்ல வெயில் நாளில் மறுபடி அடிப்பதுதான் வழி.

இனி வராமலிருக்க, முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். எண் 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் பளபளப்புப் பெயிண்டைத் தொடுவதில்லை. அன்றைக்குச் சேஸி ஒட்டலாம், என்ஜினுக்குத் தூரிகையில் பெயிண்ட் பூசலாம். மழை மாதங்களில் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் கிடைக்கும் வெயில் இடைவெளிதான் நம் நேரம். ஸ்ப்ரே கேனைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் துளி மெல்லியதாக விழும். அடுப்பில் காட்டாதீர்கள். கேன் வெடித்தால் மாடலோடு போகாது.

பெயிண்டில் கடுகளவு வட்டக் குழிகள்

அடித்த உடனே பெயிண்ட் அங்கங்கே விலகி, நடுவில் அடிநிறம் தெரியும். மீன் கண் மாதிரி இருக்கும். அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

கிட்டை அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தடவியிருக்கும் பொருளின் மிச்சம் பாகங்கள்மேல் இருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் அதைவிடப் பெரிய சந்தேகத்துக்குரிய ஆள் தேங்காய் எண்ணெய். காலையில் தலைக்குத் தேய்த்த கை, அதே கையால் தலையைக் கோதிவிட்டு பாடியை எடுத்துப் பார்க்கிற பழக்கம். என் கார் ஒன்றின் இடது கதவில் மட்டும் வரிசையாக நாலு குழி விழுந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், நாலும் சரியாக என் நாலு விரல்.

பாகங்களை அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து அலசிக் காற்றில் உலர விடுங்கள். துண்டால் துடைத்தால் பஞ்சு ஒட்டும். அதன்பின் தொடுவது கையுறையோடு, அல்லது உள்பக்கத்தில் ஒட்டிய ஒரு குச்சியைப் பிடித்து. சிறு பாகங்களுக்கு நான் தென்னை ஈர்க்கின் நுனியில் துளி ஒட்டுப்பசை வைத்துப் பிடிக்கிறேன். ஒரு விளக்குமாற்றில் வருடத்துக்கான கைப்பிடி இருக்கிறது.

குழி விழுந்துவிட்டால் மேலேயே இன்னொரு பூச்சு அடித்து மூடப் பார்க்காதீர்கள், குழி ஆழமாகத்தான் போகும். காயவிட்டு, தேய்த்து, கழுவி, பிரைமர் என்ற அடிப்பூச்சிலிருந்து தொடங்குங்கள்.

பெயிண்டுக்கு அடியில் பிளாஸ்டிக்கே சுருங்கி வெடித்திருக்கிறது

இது ஈரத்தால் வருவதில்லை. கார்ப் பெயிண்ட் கடையில் வாங்கிய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்திருக்கிறது. அந்த தின்னர் தகட்டுக்கானது; பிளாஸ்டிக் தாங்காது. பிரைமர் நன்றாக மூடாத விளிம்புகளிலும் கதவுக் கோடுகளிலும்தான் முதலில் தெரியும்.

கெட்டதை 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்துச் சமமாக்கி, பிளாஸ்டிக் மாடலுக்கான பிரைமரை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஒரே ஈரப் பூச்சாகக் கொட்ட வேண்டாம். எந்தப் புதுப் பெயிண்டையும் முதலில் பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மனசு ஆறாது. சோதனைத் துண்டு, முட்டுக்கட்டை, சூடு காட்டி இழுத்தால் மெல்லிய கம்பி என்று அதற்கு ஆயிரம் வேலை.

பட்டறையில் பள்ளம் நிரப்பும் பட்டிக்கும் இதே எச்சரிக்கை. தடிமனாகப் பூசினால் மெல்லிய பாடியை வளைத்துவிடும்.

கூரையைக் குறைத்தேன், பின்பக்கம் உட்காரவில்லை

ஹாட் ராடின் முகத்தை மாற்றுவது இந்த ஒரு வெட்டுத்தான். இதைச் சாப் என்பார்கள். கூரையைத் தாங்கும் தூண்களில் ஒரு துண்டை எடுத்துவிட்டு கூரையைக் கீழே இறக்குவது. 1/25 அளவில் கணக்கு சுலபம்: நிஜக் காரின் ஒரு இஞ்ச் மாடலில் ஒரு மில்லிமீட்டருக்கு மயிரிழை கூட, 1.016. மூன்று இஞ்ச் சாப் என்றால் மூன்று மில்லிமீட்டர் எடுத்தால் போதும்.

கணக்கு சரியாக இருந்தும் பொருந்தாது. காரணம், தூண்கள் நேராக நிற்கவில்லை. 1932 ஃபோர்டு கூபே என்ற இரண்டு கதவுக் காரில் முன்தூண் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். பின்பக்கமோ மேலே போகப்போக முன்னால் சாய்ந்து வளையும், பக்கங்களும் உள்ளே ஒடுங்கும். நடுவில் மூன்று மில்லிமீட்டரை எடுத்தால் மேல்துண்டின் அடிச்சுற்றளவு கீழ்த்துண்டின் மேல்சுற்றளவைவிடச் சிறியதாகிவிடுகிறது. பானைக்குச் சின்ன மூடி போட்ட மாதிரி. முன்தூண்களைச் சேர்த்தால் பின்னால் ஒரு படி நிற்கும். பின்னால் சேர்த்தால் முன்னால் இடைவெளி. அதைப் பட்டியால் நிரப்பப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை டியூப் தீரும், கார் தலைக்கவசம் போட்ட மாதிரி ஆகும்.

சரியான மருந்து கூரையின் நடுவில் இருக்கிறது. வெட்டியெடுத்த கூரையைக் குறுக்கே இரண்டாக அறுங்கள். முன்பாதியை முன்தூண்களிலும் பின்பாதியைப் பின்னாலும் முதலில் பொருத்துங்கள். நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறதோ அவ்வளவுக்கு பாலிஸ்டைரீன் தகட்டுத் துண்டு ஒன்றை வைத்து இணையுங்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. அந்தக் காலக் கூரையின் நடுவில் தகடு கிடையாது, துணி பொதிந்த ஒரு பகுதிதான். ஹாட் ராடர்கள் அதைத் தகடு வைத்து மூடிவிடுவது வழக்கம். நீங்கள் போடும் துண்டும் அந்த மூடலுக்குள் மறைந்துவிடும்.

கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கோளாறு வெட்டுக்கோட்டில். ரம்பப் பல்லும் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதை மறந்துவிடுகிறோம். மெல்லிய ரேசர் ரம்பம்கூட ஒவ்வொரு வெட்டிலும் கால் மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்துவிடும். நான் மறைப்பு டேப்பை மூன்று மில்லிமீட்டர் பட்டையாக வெட்டி பாடியைச் சுற்றி ஒட்டி, ரம்பத்தை எப்போதும் டேப்பின் மேல், அதாவது எறியப்போகும் பக்கத்தில், விளிம்பை ஒட்டி ஓட்டுவேன். மிச்சத்தை அரத்தால் விளிம்புவரை கொண்டுவருவது. ஒரு தூணில் டேப்பின் உள்ளே, இன்னொன்றில் வெளியே என்று அறுத்தால் கூரை அரை மில்லிமீட்டர் சாயும். நிஜ அளவில் அது அரை இஞ்ச். கண் உடனே பிடித்துவிடும்.

தூண் முனைகள் மெலிதாக இருப்பதால் பசை மட்டும் போதாது. 0.5 மி.மீ. துளை போட்டு உள்ளே மெல்லிய கம்பித் துண்டைச் செருகி ஒட்டுங்கள். கண்ணாடியடைத்த ஜன்னல் கிட்டோடு வந்திருந்தால் இனிப் பொருந்தாது. சட்டைப் பெட்டியில் வரும் தெளிவான பிளாஸ்டிக்கில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். மாடல் பசை அதில் பிடிக்காது, ஃபெவிகால்தான்.

இதன் தம்பிக் கோளாறு ஒன்று: எல்லாம் தேய்த்து, பெயிண்ட் அடித்து, அலமாரியில் வைத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வெட்டிய கோடு மெல்லிய பள்ளமாக மறுபடி தெரியும். பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. உள்ளே மிஞ்சிய கரைப்பான் மெதுவாக வெளியேறும்போது அந்த இடம் சுருங்குகிறது. ஒட்டியதும் தேய்க்க உட்காராதீர்கள். நான் ஒரு வாரம் விடுகிறேன். காத்திருக்க முடியாதென்றால் ஃபெவிக்விக்கில் டால்கம் பவுடரைக் குழைத்து நிரப்புங்கள், அது சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, பக்கத்தைத் தேய்த்துவிட்டுத் தான் மட்டும் மேடாக நிற்கும்.

நாலு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில்

சக்கரத்தைத் திருகிப் பார்க்காதீர்கள். சேஸி முறுக்கிக்கொண்டிருக்கிறது. பார்சல் வண்டியில் வெயிலில் கிடந்த பெட்டி, அல்லது பெட்டிக்குள் கனமான பாகம் அழுத்தியது.

ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வெறும் சேஸியை வைத்து மூலைகளை விரலால் தட்டுங்கள். ஆடினால் முறுக்கு உறுதி. வெந்நீரில், கொதிக்கும் தண்ணீரில் அல்ல, சில விநாடி முக்கி, எதிர்ப்பக்கமாக மெதுவாக முறுக்கி, அப்படியே பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். ஒரே தடவையில் சரியாக வேண்டும் என்ற அவசரம் இங்கேதான் சேஸியை முறிக்கும்.

முன் அச்சை இறக்கியபோது ஒரு பக்கம் முன்னால் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1932 ஃபோர்டின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 106 இஞ்ச், 1/25-ல் 107.7 மி.மீ. வலது இடது இரண்டையும் அளந்து பாருங்கள். கணக்கிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். கிட்டில் இரும்பு அச்சுக்கம்பி வந்திருந்தால் மெல்லிய வார்னிஷ் பூசிவிடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இரண்டு மழைக்குள் துருப் பிடிக்கும்.

குரோம் பாகம் தொட்டாலே கழன்று விழுகிறது

பசை பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை. குரோம் மாதிரி தெரிவது வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் படலம், அதற்கடியில் ஒரு லாக்கர் பூச்சு. ஒட்டும் இடத்தில் மட்டும் இரண்டையும் கத்தியால் சுரண்டி பிளாஸ்டிக்கைத் திறந்துவிடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

வெட்டிய இடத்தின் வெள்ளைத் தழும்பை குரோம் பேனாவால் தொட்டு மறைக்கலாம். தழும்பு பெரிதென்றால் குரோம் முழுவதையும் எடுத்துவிடுவதே மேல். துணிக்கு விற்கும் திரவ ப்ளீச்சில் ஊறவைத்தால் அலுமினியம் கரைந்துவிடும். கீழே மஞ்சளாக நிற்கும் லாக்கர் அதில் போகாது, அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ப்ளீச் இருக்கும் பாத்திரத்தில் கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. குளோரின் வாயு வரும்.

என் ருசி கேட்டால், கிட்டின் குரோமில் பாதியை நான் எடுத்துவிடுவேன். ரேடியேட்டரின் மேலுறையைக் காரின் நிறத்திலேயே அடித்து, ஹெட்லைட்டில் மட்டும் குரோமை விட்டால் கார் அடக்கமாக மிரட்டும். கிட்டில் வருகிற எல்லாக் குரோமையும் போட்டால் கல்யாண வீட்டு பேண்டு செட்.

ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் புகை

ஃபெவிக்விக் போட்டிருக்கிறீர்கள். அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கும். விரல் பட்ட இடத்தில் ரேகையே எழும். கைரேகை நிபுணர்கள் மறைந்த ரேகையை எழுப்பப் பயன்படுத்துவதும் இந்த ஆவியைத்தான். நம் காற்றின் ஈரத்துக்கு இன்னும் கூடும். புதிது என்றால் பற்பசையைத் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போகும். கண்ணாடிக்கு எப்போதும் ஃபெவிகால், காய்ந்தால் தெளிந்துவிடும்.

நெருப்பு நாக்குகளின் ஓரம் பிசிறடிக்கிறது, டெக்கல் வெள்ளியாக மின்னுகிறது

ஹாட் ராட் பாடியில் தீட்டும் நெருப்பு நாக்குகளில் பிசிறு என்றால் டேப்புக்கு அடியில் பெயிண்ட் புகுந்திருக்கிறது. டேப் ஒட்டியதும் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு, நெருப்பின் மஞ்சளுக்கு முன் காரின் அடிநிறத்தையே ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். புகுவது அடிநிறமாகவே புகுந்து வழியை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மஞ்சள், நுனிக்கு ஆரஞ்சு. டேப்பைப் பெயிண்ட் முழுதாகக் காயும் முன்பே, தன்மேலேயே மடித்துப் படுக்கவாட்டில் இழுங்கள்.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் படமான டெக்கல் வெள்ளியாக மின்னினால் சொரசொரப்பான பரப்பில் ஒட்டியதால் அடியில் காற்று. ஊசியால் நாலைந்து குத்து, மேலே டெக்கல் இளக்கும் திரவம். அடுத்த தடவை பளபளப்பு வார்னிஷ் அடித்த பிறகு ஒட்டுங்கள்.

பிளக் ஒயர் போட்டேன், எலி கடித்த தோட்டத்துக் குழாய் மாதிரி இருக்கிறது

ஒயர் தடிமன். நிஜத்தில் ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ளது, மாடலில் 0.3 மி.மீ. பழைய ஹெட்போன் ஒயரைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும். பிரேக் குழாய்க்கு மீன்வலைக் கடையில் கிடைக்கும் தங்கூசி நரம்பு. ஃபோர்டின் எட்டு சிலிண்டர் என்ஜினான ஃப்ளாட்ஹெட் வி8-ல், பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிப்யூட்டர் என்ஜினின் முன்முகத்தில் உட்காரும். ஒயர் அங்கிருந்து இரண்டு பக்கமும் நாலு நாலாகப் பிரிய வேண்டும், பின்னாலிருந்து அல்ல. ஒயருக்கான துளைகளை என்ஜினை ஒட்டுவதற்கு முன்பே போடுங்கள். என்ஜினைச் சேஸியில் உட்காரவைத்த பிறகு கைத்துளைப்பானுக்கு இடமிருக்காது.

டயர் பட்ட இடத்தில் சக்கரம் உருகிக் கிடக்கிறது

இது தெரிய மாதங்கள் ஆகும். மென்மையான வினைல் டயரை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெதுவாகக் கசிந்து, தொடும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. சக்கரத்தோடு போனால் பரவாயில்லை. நான் ஒரு காரை பாலிஸ்டைரீன் மேடையில் ஒட்டாமல் நிறுத்தியிருந்தேன். ஓணத்துக்கு அலமாரியைத் துடைக்கும்போது எடுத்தால் வரவில்லை, நாலு டயரும் மேடைக்குள் இறங்கியிருந்தன. சக்கரத்தின் விளிம்பில், டயரை மாட்டுவதற்கு முன், ஃபெவிகாலை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள், அல்லது சமையலறை அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மேடைக்கு மரப்பலகை போதும்.